செத்துக் கிடக்கும் பவர் டில்லரை எழுப்புவது: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

பொள்ளாச்சிப் பக்கம் பழைய தோட்டங்களுக்குப் போனால், சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்குப் பின்புறம், தென்னை மட்டைக்கு அடியில் ஒரு பவர் டில்லர் (பின்னால் நடந்தபடி பிடித்து உழும் இரண்டு சக்கர எஞ்சின் வண்டி) கிடப்பதைப் பார்க்கலாம். டயர் வெடித்திருக்கும், டேங்க் துருப்பிடித்திருக்கும், ஏர் கிளீனருக்குள் குளவி கூடு கட்டியிருக்கும். "அது போச்சுங்க, எடைக்குத்தான் போடோணும்" என்பார் தோட்டக்காரர். அப்படிச் சொல்லப்பட்ட நான்கு வண்டிகளை நான் திரும்ப ஓட வைத்திருக்கிறேன். நான்கிலும் நான் கண்டது ஒன்றுதான். முதலில் வந்த பழுது சின்னது. அதைச் சரிபண்ணுகிறேன் என்று வேறு வண்டியிலிருந்து எதையோ கழற்றி மாட்டியதில்தான் வண்டி மொத்தமாகப் படுத்துவிட்டது.

அதனால் பழைய உதிரிப்பாகத்தை வைத்து வேலை செய்கிறவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது, எவை எவை ஜோடி என்பது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடும் அதன் மூடியும் ஜோடி. டீசல் பம்புக்குள் இருக்கும் எலிமென்ட்டில் பிளஞ்சரும் (ஏறி இறங்கும் தண்டு) பேரலும் (அது ஓடும் கூடு) ஜோடி. டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் முனையான நாசிலில் ஊசியும் உடம்பும் ஜோடி. செயினும் ஸ்ப்ராக்கெட்டும், ஒன்றோடொன்று ஓடித் தேய்ந்த இரண்டு கியர்களும், ஒரே புல்லியில் ஓடும் பெல்ட்டுகளும் அப்படித்தான். வாங்கினால் ஜோடியாக வாங்குங்கள், மாற்றினாலும் ஜோடியாக மாற்றுங்கள். கீழே எழுதியிருக்கிற பழுதுகளில் பாதி, ஜோடியைப் பிரித்ததால் வந்தவை.

நான் சொல்வது நம் ஊரில் அதிகம் புழங்கும் இரண்டு குடும்பத்து வண்டிகளை வைத்து. ஒன்று, மிட்சுபிஷி கூட்டில் பெங்களூரில் 1967-இல் தொடங்கிய வி.எஸ்.டி.யின் சக்தி. இன்னொன்று, 1973-இல் கேரளத்து அத்தாணியில் தொடங்கிய காம்கோ, இது குபோட்டா வழி. சக்தி 130 டிஐ 13 குதிரைத் திறன், காம்கோ 12. இரண்டுமே படுக்கைவாட்டில் ஒற்றை சிலிண்டர் வைத்த, தண்ணீரால் குளிரும் டீசல் எஞ்சின். எஞ்சினிலிருந்து பெல்ட், பெல்ட்டிலிருந்து கிளட்ச், அங்கிருந்து கியர் பாக்ஸ், பிறகு ஒரு பக்கம் சக்கரத்துக்கும் ஒரு பக்கம் மண்ணைக் கிளறும் கத்திகள் உள்ள ரோட்டரிக்கும் ஓட்டம் பிரியும். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் லேண்ட்மாஸ்டர் என்று சொல்லும் இரண்டு சக்கர டிராக்டரும் இதே வம்சம்தான், அங்கே இருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

வாங்கப் போகும்போது

எஞ்சின் ஓடுகிறதா என்று பார்ப்பதைவிட, வார்ப்பு உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். லைனர் (பிஸ்டன் ஓடும் உருளைக் குழாய்), பிஸ்டன், பேரிங், ஆயில் சீல் எல்லாம் புதிதாகவே கிடைக்கும். எஞ்சின் பிளாக், கியர் பாக்ஸ் கூடு, ரோட்டரியின் செயின் கூடு, இந்த மூன்றும் விரிசல் இல்லாமல் இருந்தால் வண்டி பிழைக்கும். கனெக்டிங் ராடு முறிந்து உள்ளிருந்து குத்தியதா என்று பிளாக்கின் அடிப்பக்கத்தில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். எம்சீல் தடவிப் பெயின்ட் அடித்த இடம் விரலுக்குத் தெரியும்.

எஞ்சின் நம்பர் தகடு இருக்க வேண்டும். பாகம் வாங்கும்போது அந்த நம்பரும் மாடலும்தான் பேசும். தெரிந்தவரிடம் வாங்கினாலும் விற்றதாக ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உதிரிக்கு நான் முதலில் போவது கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளுக்கு. காம்கோ என்றால் பாலக்காடு தாண்டி நெல் வயல் உள்ள ஊர்களில் தேடுவது நல்லது, அங்கே அந்த வண்டி அதிகம். சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. ஆனால் அங்கே கார், பைக் பாகம் கிடைக்கும் அளவுக்கு டில்லர் பாகம் கிடைக்காது. பேரிங், ஆயில் சீல், பெல்ட் மூன்றையும் பழையதாக வாங்கவே வாங்காதீர்கள். பேரிங்கின் பக்கவாட்டில் நம்பர் கொத்தியிருக்கும், சீலில் உள்விட்டம், வெளிவிட்டம், கனம் மூன்றும் அச்சாகியிருக்கும். அதைச் சொன்னால் எந்தப் பேரிங் கடையிலும் புதியது எடுத்துத் தருவார்கள்.

முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும் முன்

இதைத் தாண்டி அவசரப்படாதீர்கள். பல வருஷம் சும்மா கிடந்த வண்டியில் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பம்பின் ரேக், பழைய டீசல் பிசின் மாதிரி உறைந்து, முழு டீசல் விடும் நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியே ஸ்டார்ட் பண்ணினால் ஆக்சிலேட்டரைக் குறைத்தாலும் எஞ்சின் கேட்காது. கத்திக்கொண்டே ஏறும், சில நொடிகளில் கனெக்டிங் ராடு முறிந்து வெளியே வரும்.

பம்பைக் கழற்றி, ரேக்கை விரலால் தள்ளிப் பாருங்கள். இரண்டு பக்கமும் வெண்ணெயில் போவது போல வழுக்கிக்கொண்டு போக வேண்டும். லேசாகப் பிடித்தாலும் சுத்தமான டீசலில் ஊற வைத்துக் கழுவி, மறுபடி பாருங்கள். பம்பைத் திரும்ப மாட்டும்போது ரேக்கின் முனை, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் லிவரின் கவட்டைக்குள் உட்கார்ந்ததா என்று பக்கத்துச் சின்ன மூடியைக் கழற்றிக் கண்ணால் பார்த்துவிட்டு மூடுங்கள். கவட்டைக்கு வெளியே உட்கார்ந்துவிட்டாலும் இதே ஆபத்துதான்.

பழைய எஞ்சின் ஆயிலை இறக்கிவிட்டுப் புதியது ஊற்றுங்கள், ஆனால் அளவுக் குச்சியின் மேல்கோட்டைத் தாண்டக் கூடாது. ஏர் கிளீனரின் ஆயில் கிண்ணத்திலும் கோடு இருக்கிறது, அதற்கு மேல் ஊற்றக் கூடாது. அளவு கூடினால் எஞ்சின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரிக்கும், அப்போது டீசலை நிறுத்தினாலும் நிற்காது. எஞ்சின் தறிகெட்டு ஓடினால் காற்று வரும் வாயைப் பலகையாலோ மடித்த ஈரச் சாக்காலோ அடைக்க வேண்டும். கையை வைக்காதீர்கள். முதல் ஸ்டார்ட்டின்போது அந்தப் பலகை பக்கத்தில் தயாராக இருக்கட்டும், ஏர் கிளீனரும் கழன்று இருக்கட்டும்.

எஞ்சினைச் சுற்றி ஸ்டார்ட் பண்ணும் ஹேண்டிலைப் போடும்போது கட்டை விரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடியுங்கள். ஹேண்டில் திருப்பி அடித்தால் கை தானாக விலகிக்கொள்ளும்.

அறிகுறி: ஹேண்டில் சுற்றவே மாட்டேன் என்கிறது

முதலில் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சுற்றுங்கள். இப்போது சுற்றினால் எஞ்சின் நன்றாக இருக்கிறது, பிடிப்பு கிளட்ச்சிலோ கியர் பாக்ஸிலோ. பெல்ட் இல்லாமலும் சுற்றவில்லை என்றால் பிஸ்டன் லைனரில் ஒட்டியிருக்கிறது.

படுக்கை எஞ்சினில் தண்ணீர் சிலிண்டரின் அடிப்பக்கத்தில் தேங்கும், துருவும் அடியில்தான் பிடிக்கும். இன்ஜெக்டரைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டீசலும் கியர் ஆயிலும் சம அளவு கலந்து ஊற்றுங்கள். சிலிண்டர் தலைப்பக்கம் மேலே இருக்கும்படி வண்டியைச் சாய்த்து முட்டுக் கொடுத்து, நான்கைந்து நாள் விட்டுவிடுங்கள். தினம் ஒரு தடவை பிளைவீலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசையுங்கள். ஒரு நூல் அசைந்தால் போதும், மறுநாள் இரண்டு நூல் அசையும். நான் முதலில் எடுத்த வண்டி ஒன்பதாம் நாள் அசைந்தது. ஹெட்டைக் கழற்றி, மரக்கட்டை வைத்துச் சம்மட்டியால் அடிப்பது கடைசி வழி. பிஸ்டன் அலுமினியம் என்பதால் நடுவில் அடித்தால் தலை உடையும், ஓரத்தில் அடித்தால் சாய்ந்து லைனரைக் கீறும்.

அசைந்த பிறகு லைனர் தேய்மானத்தைப் பார்க்க மைக்ரோமீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. பழைய ரிங் ஒன்றை லைனருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளுங்கள். தேயாத அடிப்பகுதியில் ரிங்கின் வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளங்கள். பிறகு மேல்பகுதியில், ரிங் ஓடித் தேய்ந்த இடத்தில் அளங்கள். இரண்டின் வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் லைனர் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று கிடைக்கும். கீழே 0.5 மி.மீ., மேலே 1.1 மி.மீ. என்றால் வித்தியாசம் 0.6, லைனர் ஏறக்குறைய 0.2 மி.மீ. தேய்ந்திருக்கிறது. அப்படித் தேய்ந்த லைனரில் புது ரிங் மட்டும் போட்டால் ஒரு போகத்துக்குக்கூட வராது. லைனர், பிஸ்டன், ரிங் மூன்றையும் செட்டாக மாற்றுங்கள்.

பழைய லைனர் வாங்குவதாக இருந்தால் உள்பக்க வழவழப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். தண்ணீர் படும் வெளிப்பக்கத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். அம்மைத் தழும்பு போல ஆழமான குழி இருந்தால் அது பொத்தலாகப் போகிற லைனர். உட்கார வைத்த பின் லைனரின் விளிம்பு பிளாக் மட்டத்தைவிட மயிரிழை அளவு எழும்பி நிற்க வேண்டும். பிளாக் மட்டத்துக்குக் கீழே இறங்கினால் எத்தனை கேஸ்கெட் மாற்றினாலும் ஊதிக்கொண்டே இருக்கும்.

அறிகுறி: சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை

டீசல் வருகிறதா, அழுத்தம் இருக்கிறதா, சரியான நேரத்தில் டீசல் விழுகிறதா, இந்த வரிசையிலேயே பாருங்கள்.

ஏர் எடுப்பதை, அதாவது டீசல் வழியில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதை, டேங்கிலிருந்து தொடங்குங்கள். டேங்குக்குள் கைப்பிடி நட், போல்ட்டைப் போட்டு, கொஞ்சம் டீசல் ஊற்றிக் குலுக்கினால் துரு உதிரும். தெளிவாக வரும்வரை கழுவுங்கள். பிறகு ஃபில்டரின் ஏர் ஸ்குரூ, அடுத்து பம்பின் ஏர் ஸ்குரூ, கடைசியாக இன்ஜெக்டர் தலையில் இருக்கும் பைப் நட். ஒவ்வொரு இடத்திலும் குமிழி நின்று டீசல் கம்பியாக வந்த பிறகே அடுத்த இடத்துக்குப் போங்கள். எல்லாவற்றையும் இறுக்கிவிட்டு, சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்கிக்கொண்டு சுற்றினால், ஒவ்வொரு இரண்டு சுற்றுக்கும் இன்ஜெக்டரிலிருந்து "கிர்ரிக்" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் டீசல் பக்கம் பாதி வேலை முடிந்தது.

சத்தம் வரவில்லை என்றால் இன்ஜெக்டரைக் கழற்றி வெளியே திருப்பி மாட்டிச் சுற்றிப் பாருங்கள். பனிப்புகை மாதிரி தெறிக்க வேண்டும். நீளக் கம்பியாகப் பாய்ந்தாலோ முனையில் சொட்டினாலோ நாசில் போய்விட்டது. தெறிக்கும் இடத்துக்கு நேராகக் கையை நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். பார்க்கச் சின்னப் புள்ளியாகத்தான் இருக்கும், ஆனால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். பட்டுவிட்டால் வலி இல்லை என்று வீட்டில் இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பழைய நாசில் வாங்கும்போது இன்னொன்று. எஞ்சின் பெயரில் டிஐ என்று இருந்தால் டீசல் நேராகப் பிஸ்டன் தலையில் விழுகிறது என்று பொருள், அதன் நாசிலில் பல நுண்ணிய ஓட்டைகள் இருக்கும். ஹெட்டுக்குள் தனி அறை வைத்த பழைய எஞ்சினின் நாசில் வேறு, அது திறக்கும் அழுத்தமும் குறைவு. மரை பொருந்துகிறது என்று ஒன்றை இன்னொன்றில் மாட்டினால் கரும்புகையைத் தவிர ஒன்றும் வராது.

அடுத்து அழுத்தம். டீகம்ப்ரஷனைத் தூக்கி வேகமாகச் சுற்றிச் சட்டென்று விடுங்கள். பிளைவீல் முட்டி நின்று பின்னால் துள்ள வேண்டும். சோம்பலாகத் தாண்டிப் போனால் அழுத்தம் இல்லை. முதலில் வால்வு இடைவெளியைப் பாருங்கள், பொதுவாக 0.2 முதல் 0.3 மி.மீ.க்குள் இருக்கும், உங்கள் மாடலுக்கு உரியதை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். இடைவெளியே இல்லாமல் இறுகியிருந்தால் வால்வு மூடவே மூடாது. அது சரி என்றால் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுச் சுற்றிப் பார்ப்பது வழக்கம்: அழுத்தம் கூடினால் ரிங், கூடாவிட்டால் வால்வு. நம்முடைய படுக்கை எஞ்சினில் ஆயில் அடியில் மட்டும் தேங்கிவிடும் என்பதால் இந்தச் சோதனையை முழுதாக நம்ப முடியாது. நான் ஹெட்டைக் கழற்றிக் கவிழ்த்து, காற்றும் புகையும் போகும் வழியான போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துவிடுவேன். பத்து நிமிஷத்தில் வால்வு ஓரம் ஈரம் கசிந்தால், கிரைண்டிங் பேஸ்ட் போட்டு அரைத்துவிட்டால் தீர்ந்தது.

அறிகுறி: ஹேண்டில் திருப்பி அடிக்கிறது, அல்லது வெள்ளைப் புகையோடு திணறுகிறது

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் பழைய பம்ப் மாட்டிய வண்டிகளில் அதிகம் வருவது இதுதான்.

டீசல் பம்ப் எஞ்சினில் உட்காரும் இடத்தில் மெல்லிய தகடுகள் இருக்கும், சிம் என்போம். அவற்றைக் கூட்டினால் பம்ப் கேமை விட்டு விலகும், டீசல் தாமதமாக விழும். குறைத்தால் சீக்கிரம் விழும். இந்த சிம்களின் எண்ணிக்கை அந்த எஞ்சினில் அந்த பம்ப் சேர்ந்தபோது வைத்த கணக்கு. இதுவும் ஒரு ஜோடிதான். இரும்புக் கடையில் பம்ப் வாங்கும்போது அதோடு ஒட்டி வரும் சிம் வேறு எஞ்சினுடையது.

என் இரண்டாவது வண்டியில் அப்படித்தான் ஆனது. பம்போடு ஒரே ஒரு சிம் வந்தது, அதையே வைத்து மாட்டினேன். என் எஞ்சினில் முன்பு இருந்தவை மூன்று, கழற்றும்போது எண்ணி வைக்கவில்லை. ஹேண்டிலைச் சுற்றி லிவரை விட்டதும் பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே டீசல் பற்றி, ஹேண்டில் எதிர்ப்பக்கமாக அடித்தது. மணிக்கட்டு வீங்கிப் பத்து நாள் கையைத் தூக்க முடியவில்லை. கட்டை விரல் வெளியே இருந்ததால் அதோடு போயிற்று.

சரியான முறை இது. பம்பின் மேல் பைப்பைக் கழற்றிவிடுங்கள். ஆக்சிலேட்டரைப் பாதிக்கு மேல் வையுங்கள். பிளைவீலை ஓடும் திசையில் மிக மெதுவாகச் சுற்றுங்கள். பம்பின் வாயில் டீசல் மட்டம் அசையத் தொடங்கும் அந்தக் கணத்தில் நிறுத்துங்கள். இப்போது பிளைவீலில் கொத்தியிருக்கும் ஊசிக் குறியும் (டீசல் விழ வேண்டிய இடத்தைக் காட்டும் குறி) எஞ்சின் உடம்பில் உள்ள குறியும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். குறி வந்து சேரும் முன்பே டீசல் அசைந்தால் சீக்கிரம், ஒரு சிம் கூட்டுங்கள். தாண்டிய பிறகு அசைந்தால் தாமதம், ஒன்றைக் குறையுங்கள். மூன்று நான்கு தடவை கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். பொறுமையாகச் செய்யுங்கள், எஞ்சின் சத்தமே இதில்தான் இருக்கிறது.

பிளைவீலும் வேறு வண்டியுடையது என்றால் குறியை நம்பாதீர்கள். ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் மேலே வந்து நிற்கும் இடத்தைக் கண்ணால் பார்த்து, பிளைவீலில் இருக்கும் மேல்முனைக் குறி அதோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்த பிறகே ஊசிக் குறியைக் கணக்கில் எடுங்கள். பிளைவீலைத் தண்டோடு பூட்டும் சாவி நசுங்கியிருந்தாலும் குறி தள்ளிப் போகும்.

டைமிங் சரி, ஆனாலும் சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை நிற்கவில்லை, ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறது என்றால் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது. மூடியைத் திறந்து வைத்து ஓட்டுங்கள். தண்ணீரில் குமிழி தொடர்ந்து வந்தால் ஹெட் கேஸ்கெட். எஞ்சின் ஆயில் டீக்கடைப் பால் மாதிரி வெளுத்திருந்தால் லைனரின் அடியில் இருக்கும் ரப்பர் வளையங்கள். புது வளையம் போடும்போது சோப்புத் தண்ணீர் தடவி, முறுக்காமல் உட்கார வையுங்கள்.

அறிகுறி: கரும்புகை, நீலப்புகை

கரும்புகைக்குப் பாதி நேரம் ஏர் கிளீனரே காரணம். கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள், புகை தெளிந்தால் கழுவி மாட்டுங்கள். தெளியாவிட்டால் நாசில். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது: ரிங், வால்வு கைடு, அல்லது ஆயில் அளவு கூடியது.

அறிகுறி: "டொக் டொக்" என்று உள்ளே அடிக்கிறது

உடனே நிறுத்துங்கள். பழைய கிராங்க் மாட்டியிருந்தால், அது ஏற்கெனவே ஒரு தடவை லேத்தில் தீட்டப்பட்டதாக இருக்கலாம். தீட்டிய கிராங்கில் ஸ்டாண்டர்டு பேரிங் போட்டால் இப்படித்தான் அடிக்கும். பேரிங் ஷெல்லின் முதுகைப் பாருங்கள், 0.25 அல்லது 0.50 என்று கொத்தியிருந்தால் அது அவ்வளவு தீட்டிய கிராங்குக்கு உரியது. கிராங்கை ஒரு நல்ல லேத் பட்டறையில் மைக்ரோமீட்டரில் அளக்கச் சொல்லி, அதற்குரிய ஷெல் வாங்குங்கள். கனெக்டிங் ராடிலும் அதன் மூடியிலும் ஒரே நம்பர் கொத்தியிருக்க வேண்டும், இரண்டு நம்பரும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். நம்பர் வேறு வேறாக இருந்தால், கடைக்காரர் என்ன விலை சொன்னாலும் எடுக்காதீர்கள்.

அறிகுறி: எஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை

பெல்ட்டைப் பாருங்கள். பக்கவாட்டுச் சுவர் கண்ணாடி மாதிரி மின்னினால் வழுக்குகிறது. பல வண்டிகளில் ஓடுவது பி வகைப் பெல்ட், மேல் அகலம் 17 மி.மீ. இரண்டு மூன்று பெல்ட்டில் ஒன்று மட்டும் அறுந்தது என்று அதை மட்டும் மாற்றினால், புதியது மட்டும் இறுகி எல்லாச் சுமையையும் தாங்கி, ஒரு மாதத்தில் அதுவும் அறுந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே கம்பெனியில், ஒரே நம்பரில், ஒரே நாளில் வாங்கி மாட்டுங்கள். மாட்டிய பின் புல்லி இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள்.

பெல்ட் ஓடுகிறது, கிளட்ச் புல்லியும் சுற்றுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை என்றால் கிளட்ச் பிளேட். அந்தக் கிளட்ச் ஈரமில்லாமல் ஓட வேண்டியது. கியர் பாக்ஸ் பக்கத்துச் சீல் கசிந்து பிளேட்டில் ஆயில் பட்டால் பிடிப்பு போய்விடும். பெட்ரோலில் கழுவினால் நாலு நாள் ஓடும், அவ்வளவுதான். சீலை மாற்றிவிட்டுப் பிளேட்டையும் மாற்றுங்கள். இதற்கு நேர் எதிராக, கிளட்ச்சை எடுத்தாலும் வண்டி நிற்காமல் இழுத்தால், பிளேட்டுகள் துருவில் ஒட்டியிருக்கின்றன. கழற்றி, ஸ்டீல் பிளேட்டை எமரியில் தேய்த்துச் சமமான கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள், ஆடினால் வளைந்திருக்கிறது.

அறிகுறி: ஒரு பக்கம் மட்டும் திரும்புகிறது

வண்டியைப் பிடித்து ஓட்டும் ஹேண்டிலில் இருக்கும் ஸ்டியரிங் கிளட்ச் லிவரின் கம்பி நீண்டிருக்கலாம், முதலில் அதை இறுக்குங்கள். சரியாகவில்லை என்றால் உள்ளே, பல்லோடு பல் மாட்டி ஓடும் டாக் கிளட்ச்சின் பல் முனை மழுங்கியிருக்கும், அல்லது அதைத் தள்ளும் கவட்டை தேய்ந்திருக்கும். கவட்டையை வெல்டிங் வைத்துத் தீட்டிக்கொள்ளலாம், பல்லை அப்படிச் செய்யாதீர்கள்.

சரிபண்ணியதும் கரை இறக்கத்தில் ஓட்டிப் பார்க்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். சமதரையில் இடது லிவரை அழுத்தினால் வண்டி இடது பக்கம் திரும்பும். செங்குத்தான இறக்கத்தில் எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது, இடது லிவரை அழுத்தினால் இடது சக்கரம் பிடியை விட்டு வேகமாக உருளும், வண்டி வலது பக்கம் திரும்பும். புதிதாகப் பழகுகிறவர்கள் வாய்க்காலில் விழுவது இங்கேதான். இறக்கத்தில் லிவரைத் தொடாமல், சின்னக் கியரில், ஹேண்டிலை உடம்பால் தள்ளித் திருப்புங்கள்.

அறிகுறி: ரோட்டரியில் சத்தம், ஆயில் கசிவு

கத்தித் தண்டின் ஓரத்தை முதலில் சுத்தம் செய்யுங்கள். நான் எடுத்த எல்லா வண்டியிலும் அங்கே ஏதோ ஒன்று சுற்றியிருந்தது: வாழை நார், தேங்காய்க் கயிறு, சொட்டு நீர்க் குழாய்த் துண்டு. ஒன்றில் நைலான் நூல் சீலின் உதட்டுக்குள் புகுந்து, தண்டைச் சுற்றி மோதிரம் போல இறுகி உருகிப் போயிருந்தது. பிளேடால் அறுத்து எடுத்தபோது அடியில் தண்டில் ஒரு நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம். அப்படிப் பள்ளம் விழுந்த தண்டில் புதுச் சீல் போட்டாலும் கசியும். தண்டை மாற்ற வேண்டியதில்லை. சீலை முழுதாக உள்ளே அடிக்காமல் 2 மி.மீ. வெளியே நிறுத்துங்கள், அல்லது பின்னால் மெல்லிய வளையம் ஒன்றை வைத்து உட்கார வையுங்கள். உதடு பள்ளத்தை விட்டு நல்ல இடத்தில் ஓடும்.

செயின் கூட்டுக்குள் "கடக் கடக்" என்றால் செயின் நீண்டிருக்கிறது. ஸ்ப்ராக்கெட்டின் பல் அரிவாள் மாதிரி ஒரு பக்கம் வளைந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். 90 நம்பர் கியர் ஆயில் ஊற்றுங்கள். சேற்றில் ஓடிய வண்டி என்றால் பழைய ஆயிலோடு சேறும் வரும், டீசல் விட்டு இரண்டு தடவை அலசுங்கள்.

அறிகுறி: உழும்போது கை நடுங்குகிறது, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது

கத்திகளில் இடது வளைவு, வலது வளைவு என்று இரண்டு வகை உண்டு. கலந்து மாட்டியிருப்பார்கள். எல்லாவற்றையும் கழற்றித் தரையில் இரண்டு குவியலாகப் பிரித்து, இரண்டு பக்கமும் சம எண்ணிக்கை வரும்படி மாட்டுங்கள். நடுவில் மேடு விழுகிறதா பள்ளம் விழுகிறதா என்பது நடுக் கத்திகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதைப் பொறுத்தது. பாதி தேய்ந்த கத்தியையும் புதுக் கத்தியையும் ஒன்றாகப் போட்டாலும் நடுங்கும். கத்திக்கு ஹைடென்சில் போல்ட்டையே பயன்படுத்துங்கள்.

கியர் லிவர் பக்கம் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். ரோட்டரி சுற்றும்போது ரிவர்ஸ் விழாதபடி ஒரு தடுப்பு இருக்கும். பல வண்டிகளைச் சேர்த்து ஒன்றாக்கியதில் அந்தச் சின்னத் தகடு காணாமல் போயிருக்கும், யாரும் தேடுவதில்லை. அது இல்லாத வண்டியில் கத்தி சுற்றிக்கொண்டிருக்கும்போது ரிவர்ஸ் விழுந்தால், ஹேண்டில் மேலே தூக்கும், பின்னால் நிற்கிற ஆளின் கால் மேல் கத்தி ஏறும். இன்னொரு வண்டியில் அந்தத் தகட்டைப் பார்த்து அளவெடுத்து, பட்டறையில் செய்தாவது மாட்டுங்கள். அது மாட்டாமல் நான் ஒரு வண்டியையும் யாருக்கும் கொடுத்ததில்லை.

ஓடத் தொடங்கிய பிறகு

முதல் ஒரு மணி நேரம் சுமையில்லாமல், பாதி வேகத்தில் ஓட விடுங்கள். ஆறிய பின் ஹெட் நட்டுகளைக் குறுக்கு மறுக்காக, மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்கி, வால்வு இடைவெளியைத் திரும்பப் பாருங்கள். ஆயிலை வெள்ளைத் துணி மேல் வடித்து, ஒரு காந்தத்தை அதன் மேல் நகர்த்துங்கள். சாம்பல் மாதிரி மெல்லிய பொடி ஒட்டினால் புது ரிங் உட்காருகிறது, பயமில்லை. செதில் செதிலாக ஏதாவது காந்தத்தில் ஏறினால் வண்டியை வயலுக்குக் கொண்டுபோகாமல் மறுபடி பிரியுங்கள். காந்தத்தில் ஒட்டாத வெள்ளி நிறச் செதில் பேரிங்கிலிருந்தோ பிஸ்டனிலிருந்தோ வந்தது, அதற்கும் பிரிக்கத்தான் வேண்டும். எதுவும் இல்லை என்றால் புது ஆயில் ஊற்றி, மறுநாள் காலையில் ஈரம் இருக்கிற தென்னந்தோப்பில் இரண்டு வரிசை மட்டும், ஆழம் குறைவாக வைத்து ஓட்டிப் பாருங்கள்.